உடல் இளைக்கும்போது உடையளவு எப்படி மாறும்: அளவெடுப்பது முதல் பிடித்துத் தைப்பது வரை

எடை இரண்டு கிலோ இறங்கியிருக்கும், பேன்ட்டோ பழையபடியே இறுக்கும். பிறகு ஒரு மாதம் எடை அசையாது. அந்த நேரம் பார்த்து அதே பேன்ட் இடுப்பில் நிற்காமல் நழுவும். இரண்டும் இயல்பே. எடை, உடலின் சுற்றளவு, உடையின் பட்டியில் எழுதியிருக்கும் எண் ஆகிய மூன்றும் ஒன்றாக இறங்குவதில்லை. எது எப்போது இறங்கும் என்று தெரிந்தால் அவசரப்பட்டுத் துணி வாங்க வேண்டியதில்லை; பலனே இல்லை என்று பாதியில் விடவும் வேண்டியதில்லை.

முதல் வாரத்தில் குறையும் எடையில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை இருக்கிறது. ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் முதலில் செலவாவது இதுதான். 250 கிராம் கிளைகோஜன் கரைந்தால், அதோடு போகும் தண்ணீரையும் சேர்த்து ஒரு கிலோ காணாமல் போகும். ஆனால் இடுப்பைச் சுற்றியுள்ள கொழுப்பு இன்னும் அங்கேயே இருப்பதால் பேன்ட்டுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

கொழுப்பு கரையத் தொடங்கிய பிறகு ஒரு கணக்கு வேலை செய்கிறது. ஒரு கிலோ கொழுப்பு சுமார் 1.1 லிட்டர் இடத்தை அடைக்கும். வயிற்றுப் பகுதியை 40 செ.மீ. உயரமுள்ள உருளையாக நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 110 செ.மீ. இருக்கும்போது அதிலிருந்து 1.1 லிட்டரை எடுத்தால் சுமார் 1.6 செ.மீ. குறையும். 80 செ.மீ. இருக்கும்போது அதே அளவை எடுத்தால் 2.2 செ.மீ. குறையும். உருண்டை நூலைப் பிரிப்பது போலத்தான்: பெரிய உருண்டையில் பத்துச் சுற்று பிரித்தாலும் கண்ணுக்குத் தெரியாது, சிறியதாகிவிட்டால் ஒவ்வொரு சுற்றும் தெரியும். பருமனாக இருப்பவருக்கு முதல் சில கிலோவில் உடை மாறாததற்கும், கடைசிச் சில கிலோவில் மளமளவென்று தளர்வதற்கும் காரணம் இதுவே.

கொழுப்பு வயிற்றிலிருந்து மட்டும் கரையாது, உடல் முழுவதிலிருந்தும் கரையும். அதனால் இடுப்பில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு செ.மீ. என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்து வரும். ஆயத்த உடையில் ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் பெரும்பாலும் 4 முதல் 5 செ.மீ. வித்தியாசம் இருக்கும். ஆக, ஓர் அளவு இறங்க நாலைந்து கிலோ தேவைப்படலாம். உயரமானவருக்கும் பெரிய உடல்வாகு உள்ளவருக்கும் இன்னும் கூடுதலாகும்.

எந்த இடம் முதலில் இளைக்கும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. வயிற்றுத் தசைக்கு மட்டும் பயிற்சி செய்தால் அந்தத் தசை வலுவாகும், அதன் மேலுள்ள கொழுப்பு தனியாகக் கரையாது. குடலைச் சூழ்ந்த உட்கொழுப்பு பொதுவாகச் சீக்கிரம் குறையும். முகமும் கழுத்தும் முன்னதாகவே மெலிந்து தெரியும். பெண்களுக்குத் தொடையும் பின்புறமும் கடைசியில்தான் இறங்கும். மேலாடை ஓர் அளவு குறைந்து கீழாடை அப்படியே நின்றால் முயற்சியில் குறை என்று அர்த்தமில்லை.

அளவெடுக்கும் முறை

நீளாத டேப் வேண்டும். பல வருடம் புழங்கிய துணி டேப் இழுபட்டிருக்கும், அதை ஒருமுறை அளவுகோலோடு வைத்துச் சரிபாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில், கழிவறைக்குப் போய்வந்த பின், சாப்பிடுவதற்கு முன் எடுக்க வேண்டும்.

இடுப்பளவில்தான் அதிகத் தவறு நடக்கிறது. பேன்ட் நிற்கும் இடம் வேறு, இடை வேறு. விலா எலும்பின் கடைசி விளிம்பை விரலால் தேடுங்கள், இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தேடுங்கள், இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். தரைக்கு இணையாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்க்க வேண்டும், முதுகுப் பக்கம் டேப் இறங்கிவிடுவது வழக்கம். மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் எண்ணைப் படியுங்கள். வயிற்றை உள்ளிழுத்தால் எண் பொய் சொல்லும். தோலை அமுக்கும் அளவுக்கு இறுக்கவும் கூடாது. மூன்று முறை எடுத்து நடுவில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்றவை எளிது. மார்பு, முலைக்காம்பு மட்டத்தில். சீட், பின்புறம் அதிகம் துருத்தும் இடத்தில், கால்களைச் சேர்த்து நின்று. தொடைக்கும் மேற்கைக்கும் ஒவ்வொரு முறையும் அதே இடம் வர வேண்டும்; முட்டியின் மேல் விளிம்பிலிருந்து 20 செ.மீ. மேலே என்பது போல ஒரு தூரத்தை எழுதி வையுங்கள். எடைப் பயிற்சி செய்பவருக்குத் தசை கூடிக் கொழுப்பு குறையலாம். எடை அப்படியே இருக்கும், டேப்தான் உண்மையைச் சொல்லும். கொழுப்பைவிடத் தசை அடர்த்தியானது, அதே எடைக்குக் குறைந்த இடமே போதும்.

உப்பு கூடிய சாப்பாடு, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், கடினமான பயிற்சிக்கு மறுநாள் ஆகியவற்றில் உடல் நீரைப் பிடித்து வைக்கும். ஒரே ஓர் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள்; நான்கு அளவுகள் ஒரே திசையில் போனால்தான் அது மாற்றம்.

டேப்போடு, சோதனைக்கென்று ஓர் உடையையும் ஒதுக்கி வையுங்கள். இழுபடாத துணியில் தைத்த, இப்போது கொஞ்சம் இறுக்கமான பேன்ட் அல்லது சட்டை நல்லது. எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்த ஜீன்ஸ் இதற்கு உதவாது, அரைநாள் போட்டாலே தளர்ந்துவிடும். சோதிக்கும் உடையைத் துவைத்துக் காய்ந்ததும் போட்டுப் பாருங்கள். உடைப் பட்டியின் எண்ணை நம்ப வேண்டாம். ஒரே எண் போட்ட இரண்டு நிறுவனங்களின் பேன்ட்களைத் தரையில் விரித்து அளந்தால் சில செ.மீ. வேறுபடுவது சாதாரணம்.

எதை முதலில் மாற்றுவது

உள்ளாடையை. இதைத்தான் பலரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். பிராவின் தாங்கும் வேலையில் பெரும்பங்கு மார்புக்குக் கீழே சுற்றும் பட்டியுடையது. உள்கொக்கியில் மாட்டியும் பட்டி முதுகில் மேலேறினால் அது பெரிதாகிவிட்டது. தோள்நாடாவை இறுக்கிச் சமாளித்தால் தோள்தான் வலிக்கும். பட்டியில் ஓர் எண் இறங்கும்போது கப்பின் கொள்ளளவு அப்படியே வேண்டுமென்றால் எழுத்தில் ஒன்று ஏற வேண்டும்: 36 சி கப்பும் 34 டி கப்பும் ஒரே கொள்ளளவு. கப்பில் சுருக்கம் விழுந்தால் மட்டும் எழுத்தைக் குறையுங்கள்.

அடுத்தது பேன்ட். பின் நடுத்தையலைப் பிரித்து இடுப்பைப் பிடித்துத் தைக்கலாம். சுமார் 5 செ.மீ. வரை தாங்கும். அதற்கு மேல் பிடித்தால் பின்பாக்கெட்டுகள் இரண்டும் நெருங்கி வந்து ஒட்டும், பக்கத் தையல் பின்னால் திரும்பும். இடுப்பை மட்டும் பிடித்துவிட்டுச் சீட்டையும் தொடையையும் விட்டால் கவட்டை தொங்கும், நடக்கும்போது துணி உரசும். ஆகவே தைக்கக் கொடுக்கும்போது இடுப்பு, சீட், தொடை மூன்றையும் போட்டுக் காட்டிக் குண்டூசி குத்தச் சொல்லுங்கள். பெல்ட்டை இறுக்கியே ஓட்டுவது இடைக்காலத்துக்குச் சரிதான். பெல்ட்டில் துளைகள் பொதுவாக 2.5 செ.மீ. இடைவெளியில் இருக்கும், இரண்டு துளை உள்ளே போய்விட்டால் பிடித்துத் தைக்கும் நேரம் வந்துவிட்டது.

சட்டை, ரவிக்கை, குர்தா எதுவானாலும் தோளைப் பாருங்கள். பக்கவாட்டில் பிடிப்பது எளிது. தோள் தையல் எலும்பின் முனையைத் தாண்டிக் கையில் இறங்கிவிட்டால் கையைக் கழற்றி, தோளை வெட்டி, மறுபடி ஏற்ற வேண்டும்; கூலியும் கூடும், வடிவமும் கெடலாம். அந்த உடையை விட்டுவிடுவதே நல்லது. எலும்பின் அகலம் மாறாததால், உடல் முழுதும் இளைத்தாலும் தோளளவு மற்ற அளவுகளைவிடக் குறைவாகவே மாறும். இப்போதே தோள் சரியாக இருக்கும் சட்டைகள் அதனால் நெடுநாள் உழைக்கும்.

எடை இறங்கிக்கொண்டிருக்கும் வரை தையலுக்குள் இருக்கும் உபரித் துணியை வெட்டவே கூடாது. நீளத் தையல் போட்டால் அடுத்த முறை பிரிக்க எளிது. இடையில் வாங்கத்தான் வேண்டுமென்றால் நாடா, எலாஸ்டிக், பக்க முடிச்சு உள்ளவையாக இரண்டு மூன்று போதும். எடை மூன்று மாதம் இரண்டு கிலோவுக்குள் ஏறி இறங்கி நின்ற பிறகு, அளவாக வெட்டித் தைத்ததை வாங்கலாம்.

நிறைய எடை குறைந்தவருக்கு வயிறு, மேற்கை, உள்தொடையில் தோல் தொங்கலாம். டேப் அதையும் சேர்த்தே அளக்கும், அதனால் எண் நின்றுவிட்டது போலத் தோன்றும். தோல் சுருங்க ஒன்றிரண்டு வருடமாகலாம்; வயதும் பருமனாக இருந்த காலமும் கூடக் கூட முழுதாகச் சுருங்காது. உயர்ந்த இடுப்புப் பட்டி உள்ள பேன்ட் அதைத் தாங்கிக்கொள்ளும். மடிப்பில் வியர்வை தங்கிப் புண்ணாகாமல் இருக்க உலர்ந்த பருத்தித் துணி வேண்டும்.

மோதிரம், கைக்கடிகாரப் பட்டி, காலணி எல்லாமே தளரும். மோதிரம் குளிரில் இன்னும் தளர்ந்து கழன்று விழும் என்பதால் மாலையில் அல்ல, குளிர்ந்த காலையில் போட்டுச் சோதியுங்கள். மருத்துவர் சொல்லிப் போடும் அழுத்தக் காலுறைக்குக் கணுக்காலையும் கெண்டைக்காலையும் மறுபடி அளந்தாக வேண்டும், தளர்ந்தால் அது பயன் தராது.

நீங்கள் எந்த முயற்சியும் செய்யாமலே உடை தளர்ந்து, 6 முதல் 12 மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால், தையல்காரரிடம் போகும் முன் மருத்துவரிடம் போங்கள். கைகாலும் முகமும் மெலிந்து வயிற்றளவு மட்டும் ஏறினாலும் அப்படியே. டேப்பில் குறித்த எண்களையும் தேதிகளையும் கையோடு கொண்டுபோனால் அவருக்கு உதவும்.