இட்லி மாவு வைக்கும் இடத்தில் பீரை வைக்காதீர்கள்

கிழக்கு லண்டனில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குப் பக்கத்தில் ஓர் அலமாரி இருக்கிறது. வெந்நீர்த் தொட்டி அதற்குள் நிற்பதால் ஜனவரிக் குளிரிலும் கதகதவென்று இருக்கும். பல வருடமாக எங்கள் இட்லி மாவு அங்கேதான் பொங்குகிறது. முதல் தடவை பீர் போட்டபோது, இதுவும் புளிக்கிற சமாசாரம்தானே என்று வாளியைக் கொண்டுபோய் மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் ராத்திரி நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு வந்து, மடித்து வைத்திருந்த துண்டுகள் மேலெல்லாம் வழிந்திருந்தது. அதற்கு வாங்கிய திட்டு தனிக்கதை. பீரோ, அழுகின வாழைப்பழத்தை நெயில் பாலிஷ் ரிமூவரில் ஊறவைத்தது மாதிரி இருந்தது. ஒரு டம்ளர் குடித்ததற்கு மறுநாள் முழுக்கத் தலைவலி.

அலமாரிக்குள் அன்று 28 டிகிரி. ஆங்கிலேயர்களின் ஏல் வகை பீருக்கான ஈஸ்ட் 18 முதல் 20 டிகிரியில் நிதானமாக வேலை செய்யும். அதோடு, புளிக்கும்போது பீரே தன்பாட்டுக்குச் சூடாகும். வாளிக்கு உள்ளே வெளியைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே இருக்கும். அதனால் இப்போது வடக்குப் பார்த்த அறையில் தரையில் வைக்கிறேன். வெயில் காலத்தில் வாளியை ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தி ஈரத்துணி சுற்றிவிட்டால் போதும். கண்டதைப் புதிதாக வாங்குவதற்கு முன் வாளியில் ஒட்டுகிற வெப்பமானிப் பட்டை ஒன்றை வாங்குங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச 1880 முதல் உரிமம் வேண்டியிருந்தது; 1963-இல் அதை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், விற்கக் கூடாது. உரிமம் இல்லாமல் வாலை (காய்ச்சி வடிக்கிற கருவி) வைத்துச் சாராயம் இறக்குவது இங்கேயும் குற்றம். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு மாத வரம்பு உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதைப் படிக்கலாம், போடக் கூடாது. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் வீட்டுக்குள்ளும் வரும்.

என் தாத்தா உடன்குடிப் பக்கம் பனையேறியவர். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதனீர், தடவாமல் கட்டினால் பொழுது ஏறுவதற்குள் கள். காற்றிலும் பாளையிலும் இருக்கிற ஈஸ்டுக்கு அவ்வளவு வேகம். பீரில் நாம் செய்வது அதற்கு நேர்மாறான வேலை: வருகிற போகிற கிருமியை எல்லாம் வெளியே நிறுத்திவிட்டு, பொட்டலத்தில் வாங்கிய ஒரே ஓர் ஈஸ்டை மட்டும் உள்ளே விட வேண்டும். கொதித்து ஆறிய பார்லிச் சாறு தொடுகிற எதுவும், வாளி, குழாய், கரண்டி, உங்கள் கை, முதலில் கழுவப்பட வேண்டும், அப்புறம் கிருமிநீக்கி போடப்பட வேண்டும். இவை இரண்டும் வேறு வேறு வேலை. அழுக்கு ஒட்டிய வாளியில் கிருமிநீக்கியை ஊற்றுவது, குளிக்காமல் சென்ட் அடித்துக்கொள்வது மாதிரி. கடையில் கிடைக்கிற, அலசத் தேவையில்லாத அமில வகையே எனக்குப் பிடித்தது. பிளீச்சிங் திரவம் வேண்டாம். சரியாக அலசாவிட்டால் பீர் முழுக்க ஆஸ்பத்திரி வாசம் அடிக்கும்.

குழாய்த் தண்ணீரில் இருக்கிற குளோரினும் அதே வேலையைச் செய்யும். அதற்கு கேம்டன் மாத்திரை: பாதி மாத்திரையைப் பொடித்து 30 லிட்டர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் சில நிமிடத்தில் குளோரின் போய்விடும். லண்டன் தண்ணீர் கெட்டித் தண்ணீர், கெட்டிலுக்குள் வெள்ளையாய்ப் படிகிறதே, அதுதான். கறுப்பு பீர்களுக்கு அது ஏற்றது. போர்ட்டர் என்கிற கறுப்பு பீர் இந்த ஊரில் பிறந்தது சும்மா இல்லை. வெளிர் நிற பீருக்கு நான் பாதிக்குப் பாதி கடைத் தண்ணீர் கலக்கிறேன்.

சமையலறை சின்னது என்றால் தகர டப்பாவில் வருகிற மால்ட் பாகில் (முளைகட்டிய பார்லியின் பாகு) ஆரம்பிப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். டப்பாவோடு ஒரு கிலோ சர்க்கரை சேர்க்கச் சொல்லியிருப்பார்கள்; அதற்குப் பதில் ஒரு கிலோ உலர்ந்த மால்ட் பொடி சேருங்கள். சர்க்கரை முழுக்கச் சாராயமாகிவிடும், வாயில் நிற்க ஒன்றும் மிஞ்சாது.

நான் இப்போது தானியத்திலிருந்தே போடுகிறேன். 35 லிட்டர் பாத்திரம், அதற்குள் அடங்குகிற வலைத்துணிப் பை. பிட்டர் என்கிற ஏல் வகை பீர் 20 லிட்டருக்கு 3¾ கிலோ மேரிஸ் ஆட்டர் மால்ட், கால் கிலோ கிரிஸ்டல் மால்ட். மால்ட் என்றால் வேறொன்றுமில்லை, முளைகட்டிக் காயவைத்த பார்லி. கேழ்வரகை முளைகட்டுகிறோமே, அதே கணக்கு. 27 லிட்டர் தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்கி, பையைப் போட்டு, உடைத்த மால்டைக் கட்டி விழாமல் கொட்டிக் கிளறினால் சூடு 66-க்கு இறங்கும். பழைய கம்பளியைச் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். முளையில் உண்டான நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிடும். இந்த 66-ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள். 70-க்கு மேலே நின்றால் பீர் தித்திப்பாகக் கனக்கும், 62, 63-இல் நின்றால் வறண்டு போகும்.

பையைத் தூக்கி வடியவிட்டு, சாற்றை ஒரு மணி நேரம் திறந்தே கொதிக்கவிட வேண்டும். கொதி வந்ததும் ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ 45 கிராம், கிழக்கு கென்ட் கோல்டிங்ஸ் வகை. கசப்பு இதிலிருந்து வரும். அடுப்பை அணைக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது இன்னும் 20 கிராம்; இது வாசனைக்கு. வடித்த சக்கையை வீணாக்க மனமில்லாமல் ஒருமுறை அடை மாவில் ஒரு பிடி சேர்த்தோம். உமி தொண்டையில் குத்தியது. உரக்குழிக்குத்தான் லாயக்கு.

கொதித்ததைச் சீக்கிரம் ஆறவைக்க வேண்டும். செம்புக் குழாய்ச் சுருள் இருந்தால் அரை மணி நேரம். இல்லையென்றால் மூடிய பாத்திரத்தைக் குளியல் தொட்டியில் குளிர்நீரில் வைத்து இரண்டு மூன்று தடவை நீரை மாற்றுங்கள். 20 டிகிரிக்கு வந்ததும் உயரத்திலிருந்து டீ ஆற்றுவது மாதிரி வாளிக்குள் ஊற்றுங்கள். ஈஸ்டுக்கு ஆரம்பத்தில் காற்று வேண்டும். 11 கிராம் பொட்டலத்தைத் தூவி மூடிவிட்டு, இரண்டு வாரம் தொடாமல் இருங்கள். புளித்த பிறகு காற்று படவே கூடாது, நனைந்த அட்டைப்பெட்டி ருசி வரும்.

மூடியில் செருகுகிற ஏர்லாக்கில் 'பளக் பளக்' என்று குமிழி வரும். புதிதாகப் போடுகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருப்பார்கள், நானும் உட்கார்ந்தேன். குமிழி நின்றால் புளித்து முடிந்தது என்று நினைத்தேன். அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நாங்கள் ஊருக்குப் போயிருந்தோம், வீட்டில் ஹீட்டர் ஓடவில்லை. ஈஸ்ட் குளிரில் பாதி வேலையோடு தூங்கிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் குமிழி இல்லை, ஆகா என்று பாட்டிலில் அடைத்துவிட்டேன். ஹீட்டர் சூட்டில் ஈஸ்ட் விழித்துக்கொண்டது. மூன்றாம் வாரம், நடு ராத்திரி, மாடிப்படிக்கு அடியில் தீபாவளி. ஏழு பாட்டில் போயிற்று. கண்ணாடித் துண்டு ஒன்று மரக்கதவில் குத்தி நின்றது. ஒரு குழந்தை அங்கே நின்றிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

எனவே ஹைட்ரோமீட்டர், அதாவது சாற்றின் அடர்த்தியை அளக்கிற மிதவை. விலை ஒரு பைன்ட் பீரை விட அப்படி ஒன்றும் அதிகமில்லை. சாறு அடர்த்தியாக இருந்தால் மேலே மிதக்கும், சர்க்கரை தீரத் தீரக் கீழே இறங்கும். தண்ணீரில் 1000 காட்டும். மேலே சொன்ன அளவுக்கு ஆரம்பத்தில் 1042 வரும், முடிவில் 1010 அளவில் நிற்கும். கழித்தால் 32, அதை 0.131-ஆல் பெருக்கினால் 4.2 சதவீதம், அதுதான் உங்கள் பீரின் சாராய அளவு. மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து, இரண்டும் ஒரே எண்ணாக, எதிர்பார்த்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மட்டுமே அடையுங்கள். குமிழி என்ன சொன்னாலும் சரி. 1018-இல் நின்றுவிட்டால் வாளியைக் கொஞ்சம் கதகதப்பான இடத்துக்கு மாற்றி, மண்டியை மெதுவாக அசைத்துவிட்டு இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம்.

அடைக்கும் நாளில் 100 கிராம் சர்க்கரையை ஒரு கப் தண்ணீரில் கொதிக்கவைத்துச் சுத்தமான இன்னொரு வாளியில் ஊற்றி, மண்டி வராமல் பீரைக் குழாய் வழியாக அதன்மேல் இறக்குங்கள். அந்தச் சர்க்கரைதான் பாட்டிலுக்குள் நுரையைத் தரும். பழுப்புப் பாட்டில்தான் நல்லது. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் நாறும், பச்சைப் பாட்டிலும் வெள்ளைப் பாட்டிலும் அதைத் தடுக்காது. அறைச் சூட்டில் இரண்டு வாரம், அப்புறம் ஃபிரிட்ஜ்.

வைன் இதைவிடச் சோம்பேறி வேலை. ஆகஸ்ட் கடைசியில் இங்கே வேலியோரமெல்லாம் பிளாக்பெர்ரி. செப்டம்பர் 29-க்கு மேல் பறிக்கக் கூடாது, சாத்தான் அதன்மேல் துப்பிவிடுவான் என்பது இந்த ஊர்ப் பாட்டிகள் கதை. இரண்டு கிலோ பறித்து ஓர் இரவு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்து உருகினால் பழம் தானாகவே உடையும். ஒரு கிலோ சர்க்கரையை இரண்டரை லிட்டர் கொதிநீரில் கரைத்து அதன்மேல் ஊற்றி மசியுங்கள். ஆறியதும் ஒரு கேம்டன் மாத்திரை, ஒரு டீஸ்பூன் பெக்டின் நொதி. நொதி போடாவிட்டால் வைன் தெளியாமலே போகலாம். ஒரு நாள் கழித்து வைன் ஈஸ்டும் அதற்கான ஊட்டப்பொடியும். துணி மூடி ஐந்து நாள், தினம் இரண்டு தடவை கிளறி, பிறகு வடிகட்டி டெமிஜான் குடுவையில் கழுத்துவரை தண்ணீர் விட்டு நிரப்புங்கள், 4.5 லிட்டர் பிடிக்கும். ஏர்லாக் போட்டு, நிறம் மங்காமலிருக்கக் குடுவைக்குத் துணி சுற்றுங்கள். ஒரு மாதத்தில் ஒரு தடவை, மூன்றாம் மாதத்தில் ஒரு தடவை மண்டியை விட்டு வேறு குடுவைக்கு மாற்ற வேண்டும்.

மெத்தனால் பயம் பற்றி நம் ஆட்கள் எல்லாரும் கேட்கிறார்கள். கள்ளச்சாராயச் சாவுகள் மெத்தனால் கலந்த சரக்கால் வருபவை. காய்ச்சி இறக்காமல் வெறுமனே புளிக்கவைத்த பழரசத்தில் அது மிகமிகக் கொஞ்சம், கடை வைனில் இருக்கிற மாதிரிதான்.

வைனை ஆறு மாதத்தில் ருசி பார்த்தால் நாக்கைக் கூசவைக்கும், கொட்டிவிடாதீர்கள். ஒரு வருடத்தில் அது வேறு ஆள். தித்திப்பு வேண்டுமென்றால் சர்க்கரையைக் கிளாஸில் கலந்துகொள்ளுங்கள், பாட்டிலில் போட்டால் மறுபடி தீபாவளிதான். இந்த வருடத்துக் குடுவை இப்போது அந்த வடக்கு அறையில் நிற்கிறது. குமிழி நின்று பத்து நாளாகிறது. நேற்றுப் பார்த்தேன், 1004. 995-க்காவது இறங்க வேண்டும், காத்திருக்கிறேன்.