நீள முதுகுக்கு ஏற்ற வீடு: டாஷ்ஹண்ட் வளர்க்கும் குடும்பங்களுக்கு

குட்டைக் காலும் நீள உடலும் கொண்ட நாயினமான டாஷ்ஹண்டின் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே, என்ன பெயர் வைப்பது என்ற பேச்சை ஒதுக்கிவிட்டு, வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் அதை எப்படித் தூக்குவது என்று கற்றுக்கொடுத்துவிடுங்கள். ஒரு கை முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைத் தாங்க வேண்டும். மறு கை புட்டத்தையும் பின்னங்கால்களையும் சேர்த்து ஏந்த வேண்டும். தூக்கும்போதும் இறக்கும்போதும் முதுகு ஒரு பலகையைப் போலத் தரைக்கு இணையாகவே இருக்க வேண்டும். கைக்குழந்தையைத் தூக்குவதுபோல அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால், கீழே தொங்குகிற பின்னுடலின் எடை முழுவதும் நடு முதுகை இழுக்கும். இறக்கும்போது நான்கு கால்களும் தரையில் பதிந்த பிறகே கையை எடுக்க வேண்டும். தரை கண்ணில் பட்டதுமே அது துள்ளிக் குதிக்கப் பார்க்கும் என்பதால், பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். சிறு பிள்ளைகள் அதைத் தூக்கவே கூடாது, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மடியில் ஏற்றிக்கொள்ளலாம் என்பது எங்கள் வீட்டில் முதல் நாளே வகுக்கப்பட்ட சட்டம். விடுமுறைக்கு வருகிற அக்காவின் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும்.

இவ்வளவு கவனம் ஏன் என்று கேட்பவர்களுக்கு அதன் பிறப்பைச் சொல்ல வேண்டும். ஜெர்மன் மொழியில் டாக்ஸ் என்பது பேட்ஜரைக் குறிக்கும். அது மண்ணில் வளை தோண்டி வாழும், கூரிய நகமுள்ள விலங்கு. ஹுண்ட் என்றால் நாய். அந்த வளைக்குள் நுழைந்து, உள்ளே இருக்கும் விலங்கை எதிர்த்து நின்று குரைத்து, மேலே நிற்கும் வேட்டைக்காரருக்கு இடம் காட்டுவதற்காகவே இந்தக் குட்டைக் காலும் நீள உடலும் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டன. ஜெர்மானியர்கள் 1888ஆம் ஆண்டிலேயே இந்த ஓர் இனத்துக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னமாக அவர்கள் நிறுத்திய வால்டியும் ஒரு டாஷ்ஹண்ட்தான். ஆனால் காலைக் குட்டையாக்கிய அதே மரபணு மாற்றம் குருத்தெலும்பின் இயல்பையும் மாற்றிவிட்டது. முதுகெலும்புக் கண்ணிகளுக்கு இடையில் மெத்தைபோல இருக்கும் வட்டுகள், மற்ற நாய்களுக்கு முதுமையில் உலர்வதுபோல் அல்லாமல், இந்த இனத்தில் ஒரு வயதை ஒட்டியே உலர்ந்து இறுகத் தொடங்கிவிடுகின்றன. இறுகிய வட்டு ஒரு நாள் பிதுங்கியோ வெடித்தோ தண்டுவடத்தை அழுத்தினால் பின்னங்கால்கள் செயலிழக்கும். ஏறத்தாழ நான்கில் ஒரு டாஷ்ஹண்டுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தத் தொல்லை வருகிறது என்பதும், அதில் பெரும்பகுதி 3 வயதுக்கும் 7 வயதுக்கும் இடையில் வருகிறது என்பதும் கால்நடை மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டவை. ஆகவே இந்த நாயோடு வாழ்வது என்பது, வீட்டை அதன் முதுகுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டு வாழ்வது.

முதலில் தரை. இன்றைய வீடுகளில் பளபளவென்று இழைத்த டைல்ஸும் கிரானைட்டும்தான் இருக்கின்றன. அழைப்பு மணி அடித்ததும் வாசலுக்குப் பாய்கிற டாஷ்ஹண்ட், அந்தத் தரையில் திரும்பும்போது பின்னுடல் ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு அபாயம் புரியும். அது ஓடும் வழியெங்கும், குறிப்பாகக் கூடத்திலிருந்து வாசல் வரையிலும், அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடியையோ நீளப் பாயையோ விரியுங்கள். வெறும் கயிற்று மிதியடி நாயோடு சேர்ந்து தானும் வழுக்கும் என்பதால் அது போதாது. அடுத்தது சோபாவும் கட்டிலும். ஏறக் கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும் இந்த நாய் ஏறும். ஏறுவதைக் காட்டிலும் குதித்து இறங்குவதே முதுகுக்கு அதிகம் கெடுதி. ஒன்றரை அடி உயர சோபாவுக்கு, குறைந்தது நான்கடி நீளமுள்ள ஒட்டுப்பலகையை வாங்கி, மேலே கயிற்றுப் பாயை ஆணியின்றிப் பசையால் ஒட்டி, தச்சரிடம் சொல்லிச் சரிவாகப் பொருத்திக்கொள்வது பெரிய செலவில்லை. குட்டியிலிருந்தே தின்பண்டம் காட்டி அதில் ஏற்றி இறக்கிப் பழக்கினால் பத்து நாளில் பழகிவிடும். மாடிப்படிக்குக் கீழேயும் மேலேயும் சிறு கதவு போட்டுவிடுவது நல்லது. ஊஞ்சலில் நாயை ஏற்றாதீர்கள். ஸ்கூட்டரின் முன்பலகையில் நிற்க வைத்துக் கூட்டிப்போவது நம் ஊரில் பார்த்துப் பழகிய காட்சிதான் என்றாலும், சிக்னலில் ஒரு தெருநாயைக் கண்டு அது குதித்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்த்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.

முதுகைக் காப்பதென்றால் நடக்கவிடாமல் வைத்திருப்பது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள், அது தவறு. முதுகெலும்பைச் சுற்றியுள்ள தசை உறுதியாக இருந்தால்தான் வட்டுக்குப் பாரம் குறையும். காலையும் மாலையும் அரை அரை மணி நேரம், கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றிக் கட்டும் வாரைப் போட்டு, சமதரையில் நடத்திக் கூட்டிப்போங்கள்.

தரைக்கு அடுத்தபடியாக முதுகைக் கெடுப்பது எடை. இந்த இனத்தில் பெரிய வகை 7 கிலோவிலிருந்து 14 கிலோ வரை போகும். சிறிய வகை 5 கிலோவுக்குள் அடங்கும். உங்கள் நாய்க்கு எது சரியான எடை என்பதை எண்ணைவிடக் கை நன்றாகச் சொல்லும்: விலாவின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தாமல் தடவினால் எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்ளொடுங்கித் தெரிய வேண்டும். எங்கள் பிரவுனிக்கு நான்கு வயதில் இரண்டுமே இல்லை. மருத்துவர் குறித்துக்கொடுத்த அளவுதானே போடுகிறோம் என்று குழம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து இரவு வரை யார் என்ன கொடுக்கிறார்கள் என்று காகிதத்தில் குறித்தேன். அம்மா தட்டிலிருந்து ஒன்றரை இட்லி, அப்பாவின் டீயோடு நான்கு பிஸ்கட், மதியம் தயிர்சாதம் ஒரு கவளம், தம்பியிடமிருந்து ஆம்லெட் பாதி, சாயங்காலம் மறுபடி பிஸ்கட். யாரும் அதிகம் கொடுக்கவில்லை, எல்லோரும் கொடுத்திருந்தோம். அதற்குப் பிறகு அதன் அன்றைய உணவைக் காலையிலேயே அளந்து ஒரே டப்பாவில் போட்டு, ஆசைக்கு யார் கொடுப்பதானாலும் அந்த டப்பாவிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று வைத்தோம். அம்மாவுக்கு மட்டும் வேகவைத்த கேரட் துண்டுகளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துக்கொடுத்தேன். பாசத்தோடு கையால் ஊட்டுவதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தேவையும் இருக்கவில்லை. ஏழு மாதத்தில் பதினொன்றரை கிலோவிலிருந்து ஒன்பதுக்கு இறங்கியது. வெங்காயமும் பூண்டும் கலந்த சாம்பார், குழம்பு, பிரியாணி, திராட்சை போட்ட கேசரி, பாயசம், சாக்லேட், வேகவைத்த எலும்பு ஆகியவற்றை எந்த நாய்க்குமே கொடுக்கக் கூடாது. தீபாவளிப் பலகாரத்தின் நெய்யும் எண்ணெயும் கணையத்தையே வீங்கச் செய்துவிடும்.

எடையைக் குறைத்தும் எங்களுக்கு அந்த நாள் வந்தது. ஐந்து வயதில், ஒரு மாலை நான் வேலையிலிருந்து திரும்பியபோது பிரவுனி கேட்டுக்கு ஓடிவரவில்லை. கூடத்தின் மூலையில், முதுகை வில்லாக வளைத்துத் தலையைத் தாழ்த்தி நின்றிருந்தது. வயிற்றில் கை வைத்தால் பலகையைப் போல விறைத்திருந்தது. பக்கத்துக் கிளினிக் ஒன்றில் வயிற்றுவலி என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை அது நடந்தபோது வலது பின்னங்கால் பாதம் மடங்கி, மேற்புறம் தரையில் உரசியது. வேறொரு மருத்துவர் அதை நிற்க வைத்து, பின்பாதத்தை மெல்ல மடித்துத் தரையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். இடது கால் உடனே நிமிர்ந்து சரியாக ஊன்றியது. வலது கால் மடங்கியபடியே இருந்தது. தன் கால் எப்படி இருக்கிறது என்பது அதற்கே தெரியவில்லை. இந்தச் சோதனையை வீட்டிலேயே நீங்களும் செய்து பார்க்கலாம். முதுகு வளைவு, தூக்கும்போது வீறிடுதல், சோபாவைப் பார்த்துவிட்டு ஏறத் தயங்குதல், பின்னங்கால் தள்ளாட்டம், சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். போகும்போது அட்டைப் பெட்டியிலோ பலகையிலோ படுக்க வைத்துக் கொண்டுபோங்கள். வீட்டில் இருக்கும் வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால், இபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் மூன்றுமே நாய்களுக்கு நஞ்சாக முடியக்கூடியவை. பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளினாலும் உணர்வில்லை என்ற நிலை வந்துவிட்டால், அறுவைக்குத் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நடை திரும்பும் வாய்ப்பைக் குறைக்கிறது. ஆகவே எம்ஆர்ஐ அல்லது சிடி ஸ்கேனும் முதுகெலும்பு அறுவையும் எங்கே நடக்கின்றன என்பதை நாய் நலமாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் பிதுங்கிய வட்டு தெரியாது.

பிரவுனிக்கு அறுவை தேவைப்படவில்லை. ஆறு வாரம் கூண்டு ஓய்வு என்றார்கள். எழுந்து திரும்பிப் படுக்க மட்டும் இடமுள்ள கூண்டில், இரவும் பகலும், சிறுநீருக்கும் மலத்துக்கும் மட்டும் வெளியே எடுத்து, அடிவயிற்றில் துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்து நடத்திவிட்டு மறுபடி உள்ளே விட வேண்டும். மூன்றாம் வாரத்தில் வலி நின்று நாய் குதிக்கப் பார்க்கும். குணமாகிவிட்டது என்று அப்போது திறந்துவிடுகிறவர்கள்தான் இரண்டாம் முறை மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். கூண்டைக் கூடத்தின் நடுவிலேயே வைத்து, அப்பா அதன் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்தார். ஆறு வாரமும் முடித்தோம். இப்போது திரும்பும்போது மட்டும் வலது கால் சற்றுத் தள்ளாடும்.

குட்டி வாங்கும் முன்னரே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எனக்கு அப்போதுதான் புரிந்தன. தாயையும் தந்தையையும் காட்டச் சொல்லுங்கள். அவற்றுக்கோ முந்தைய ஈற்றுக் குட்டிகளுக்கோ முதுகுத் தொல்லை வந்ததா என்று கேளுங்கள். உடல் மிக நீளமாக, வயிறு தரையைத் தொடுமளவுக்குத் தாழ்ந்திருப்பதை அழகென்று நினைக்காதீர்கள். திட்டுத்திட்டான நிறமுள்ள இரண்டு நாய்களைச் சேர்த்துப் பிறந்த, பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும் குட்டியை அபூர்வ நிறம் என்று அதிக விலைக்கு விற்பார்கள். அப்படிப் பிறப்பவற்றுக்குப் பார்வையோ செவியோ குறைந்திருக்கும் வாய்ப்பு மிக அதிகம். கருத்தடை செய்வதானால், ஒரு வயது ஆகும் முன்பே அதைச் செய்துகொண்ட டாஷ்ஹண்டுகளுக்கு வட்டு நோய் கூடுதலாக வருவதாக ஆய்வுகள் காட்டுவதால், எந்த வயதில் செய்வது என்று மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள்.

குணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உருவம் சிறியது என்பதால் சாதுவாக இருக்கும் என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். அகன்ற நெஞ்சிலிருந்து வரும் அதன் குரைப்பு இரண்டு தெரு தாண்டிக் கேட்கும். அந்நியரையும், சில வேளை உரிமையாளரையும் கடிக்க முற்படுவதில் முன்வரிசையில் நிற்கும் இனங்களுள் டாஷ்ஹண்டும் ஒன்று என்று 2008ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. குட்டிக்கு மூன்று மாதம் ஆகும் முன்பே பால்காரர், கூரியர்காரர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று பலரும் அதற்குத் தின்பண்டம் கொடுத்துப் பழக வேண்டும். சாப்பிடும்போது தட்டைத் தொடக் கூடாது, தூங்கும்போது எழுப்பக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். அடித்தால் இந்த நாய் திருந்தாது, அடித்தவரை நினைவில் வைத்துக்கொள்ளும். கழிப்பிடப் பழக்கத்துக்கும் பொறுமை வேண்டும். மழைத் தரையில் வயிறு நனையும் என்பதால் மழைக்காலத்தில் வெளியே போக மறுக்கும். ஒரு மூலையில் கூரை போட்டு உலர்ந்த மணல் தட்டு வைத்துக்கொடுத்தோம், சரியாயிற்று. பினாயில் ஊற்றித் துடைத்த தரை உலரும் வரை அதை விடாதீர்கள். மற்ற நாய்களுக்குப் பாதம் மட்டும் படும், இதற்கு வயிறும் படும்.

வளைக்குள் போகும் வேட்கை நம் ஊரில் பேட்ஜர் இல்லை என்பதற்காக அடங்கிவிடாது. பெருச்சாளி வளை ஒன்று தோட்டத்தில் இருந்தால் போதும், மண்ணை வாரி இறைத்துக்கொண்டு தலையை உள்ளே விட்டுவிடும். எலி, பெருச்சாளியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் நாய்க்கும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும் என்பதால் அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் ரேபிஸ் ஊசியோடு சேர்த்துப் போடுங்கள்; வளைகளைக் கல்லும் சிமென்ட்டும் வைத்து அடையுங்கள். வளையில் பாம்பு இருந்தாலும் இந்த நாய் பின்வாங்காது. அதற்குத் தோண்டுவதில் அலாதி இன்பம் என்பதால், ஒரு மூலையில் மணல் குவித்து, உள்ளே அதன் உணவில் சிலவற்றைப் புதைத்துக் கொடுத்துவிட்டால் துளசி மாடம் தப்பும்.

தார்ச்சாலையிலிருந்து அதன் வயிற்றுக்கு நான்கு விரல் உயரம்தான். கோடையில் ஏழு மணிக்கு முன் காலை நடையை முடித்துவிட வேண்டும். புல்லில் நடந்து வந்தால் காது மடலின் உட்புறம், விரலிடுக்கு, அக்குள் மூன்றிலும் உண்ணி பாருங்கள். திடீர்க் காய்ச்சல், வெளிறிய ஈறு, மூக்கில் இரத்தம் என்றால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். தொங்கும் காதை வாரம் ஒரு முறை தூக்கிப் பார்த்து, குளித்தபின் ஈரமில்லாமல் துடையுங்கள். நகம் வளர்ந்தால் பாதம் சரியாக ஊன்றாது, முதுகு அதற்கும் ஈடுகொடுக்க வேண்டியிருக்கும்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் 12 முதல் 16 ஆண்டு வரை உங்களோடு இருக்கும். அத்தனை ஆண்டும் அது துணிக் குவியலைக் கண்டால் உள்ளே புகுந்து, மூக்குகூடத் தெரியாமல் சுருண்டுகொள்ளும்; வளைக்குள் புகும் பழக்கம் அது. ஆகவே கட்டிலில் கிடக்கும் போர்வை மீதோ, சோபாவில் மடிக்காமல் போட்ட துணிகள் மீதோ உட்காரும் முன், வீட்டில் எல்லோரும் முதலில் கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.