ஐந்து பெல்லட்டை நம்பி இருபது டின்: ஏர் ரைஃபிளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரையில் ஒரு பழைய சங்குக் கிடங்கைத்தான் 10 மீட்டர் ரேஞ்சாக வைத்திருக்கிறோம். போன வாரம் புது ரைஃபிளோடு வந்த தம்பி ஒருவன் ஓர் அட்டையை என் மூக்குக்கு நேரே நீட்டினான். சுட்ட ஐந்து பெல்லட்டும் (ஏர் ரைஃபிளின் சின்ன ஈயக் குண்டு) ஒரே ஓட்டையில். "காக்கா, இந்த பெல்லட்தான். பத்தாயிரம் ஆர்டர் போட்டுடவா?" என்றான். (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்.) எனக்கு வயிறு எரிந்தது. இதே அட்டை, இதே சிரிப்பு, இதே பத்தாயிரம். பல வருஷத்துக்கு முன்னால் அங்கே நின்றது நான்.

டிரிக்கரை வெடுக்கென்று இழுக்காதே, மூச்சைப் பிடி என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லித் தந்துவிடுவார்கள். புது ரைஃபிளுக்கு பெல்லட் தேடும்போது நடக்கிற தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஒரே ஒரு குரூப்பை நம்புவது

ஒரே குறியில் சுட்ட சில பெல்லட்டுகளின் ஓட்டைக் கூட்டத்தைத்தான் குரூப் என்கிறோம். அது எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. ஒரு பேரலுக்கு ஒத்துப்போகிற பெல்லட் பக்கத்து ரைஃபிளுக்கு ஒத்துப்போக வேண்டும் என்றில்லை. 4.49, 4.50, 4.51, 4.52 மி.மீ. என்று பெல்லட்டின் தலை அளவே பல உண்டு. அதனால் நான் எட்டு வகை வாங்கினேன். ஒவ்வொன்றிலும் ஐந்து சுட்டேன். ஒரு வகையின் குரூப்பை வெர்னியரில் அளந்தால் வெளியோரம் 5.6 மி.மீ. பெல்லட்டின் 4.5-ஐக் கழித்தால் மையத்துக்கு மையம் 1.1 மி.மீ. தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே 20 டின்னுக்குப் பணம் கட்டினேன். டின்னுக்கு 500 பெல்லட், மொத்தம் பத்தாயிரம். அப்போது அந்தப் பணம் எனக்கு ஒன்றரை மாதச் சம்பளம்.

டின்கள் வந்தன, குரூப் வரவில்லை. வெளியோரம் ஒரு நாள் 7.3, மறுநாள் 6.8. முதலில் ரைஃபிளைத் திட்டினேன், அப்புறம் என் தோளை, அப்புறம் விற்றவரை. கடைசியில் ரைஃபிளை வைஸில் பூட்டி, மிச்சமிருந்த பழைய டின்னிலிருந்தே ஆறு குரூப் சுட்டேன். மையத்துக்கு மையம் ஒன்று 1.2, இன்னொன்று 2.7. அதே பெல்லட், அதே வைஸ், அதே காலை. அன்றைக்குத்தான் உறைத்தது: என்னை மயக்கிய அந்த அட்டை வெறும் அதிர்ஷ்டம்.

ஐந்து குண்டுக் குரூப் என்பது வெளியோரத்தில் விழுந்த இரண்டே ஓட்டைகளுக்கு இடையிலுள்ள தூரம். நடுவில் விழுந்த மூன்றும் எதுவுமே சொல்வதில்லை. ஒரே பெல்லட்டில் ஐந்தாறு குரூப் சுட்டால், ஆகப் பெரியது ஆகச் சிறியதைப் போல இரண்டு மடங்கு இருப்பது சாதாரணம். எட்டு வகையில் வகைக்கொரு குரூப் சுட்டு ஆகச் சிறியதை எடுத்தால், நீங்கள் பொறுக்குவது நல்ல பெல்லட்டை அல்ல, அன்று யோகம் அடித்த பெல்லட்டை. இன்னொன்று: ஐந்தைப் பத்தாக்கினால் குரூப் சராசரியாகக் கால் பங்கு பெருக்கும். அதனால் ஐந்து குண்டு அட்டையையும் பத்து குண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

மேல்நாட்டில் தோட்டாவைத் தாங்களே நிரப்பிச் சுடுகிறவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். வெடிமருந்தின் அளவை ஒவ்வொரு படியாக ஏற்றி, படிக்கு மூன்று சுட்டு, "இதோ இதுதான்" என்று முடிவு கட்டுவார்கள். மருந்து மாறினாலும் மயக்கம் ஒன்றுதான்.

இப்போது நான் செய்வது இது. ஒரு வகைக்குப் பத்துப் பத்தாக மூன்று குரூப், மூன்றின் சராசரி. காலையில் ஒரு வகை, மதியம் ஒரு வகை என்று பிரிக்காமல் மாற்றி மாற்றிச் சுட வேண்டும். வெயில் ஏறுவதும் கை சோர்வதும் அப்போது எல்லா வகைக்கும் சமமாகப் போகும். நான்கு வகைக்கு 120 பெல்லட் செலவாகும். "இவ்வளவா?" என்று தம்பி கேட்டான். பத்தாயிரத்தில் 120 எவ்வளவு என்று அவனையே கணக்குப் போடச் சொன்னேன்.

லாட் எண்ணைப் பார்க்காமல் வாங்குவது

என் கடுப்பு அதோடு தீரவில்லை. வந்த 20 டின்னும் அதே பெயர், அதே தலை அளவு, ஆனால் வேறு லாட், அதாவது வேறொரு தடவை தயாரித்த தொகுதி. அச்சு மாறினால் பெல்லட்டும் மாறும். சோதித்த டின்னின் அடியில் இருக்கும் எண்ணைப் படம் எடுத்து, அதே லாட் இருந்தால்தான் பணம் கட்டுவேன் என்று சொல்லிவிடுங்கள்.

கச்சான் காற்றில் சோதிப்பது

எங்கள் கிடங்குக்கு ஒரு பக்கம் சுவர் பாதிதான். கச்சான் அடிக்கிற மாதங்களில் குரூப் பக்கவாட்டில் நீளும். 10 மீட்டர்தானே, காற்று என்ன செய்யும் என்று கேட்பார்கள். பெல்லட் வினாடிக்கு 170 மீட்டர் சுமாரில்தான் போகிறது. அட்டையின் நடுவில் 10 மதிப்பெண் தரும் புள்ளியின் விட்டமே 0.5 மி.மீ. தசம மதிப்பெண்ணில் (10.1, 10.2 என்று எண்ணுவது) 0.1 என்பது கால் மி.மீ. பலத்த காற்று அட்டையில் ஒரு வளையத்துக்கு மேலேயே தள்ளிவிடும். நாங்கள் தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். அப்படியும் விடியற்காலையில்தான் சோதிப்பேன்.

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றுவது

பெல்லட்டையும் மாற்றி, வேகத்தையும் திருகிவிட்டு, "இப்ப நல்லாருக்கு" என்கிறார்கள். எதனால்?

பேரலைத் துடைத்த கையோடு சோதிப்பது

முதல் இருபதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ரைஃபிளின் திருகுகள் தளர்ந்திருப்பதைப் பார்க்காமல் பெல்லட்டைப் பழிப்பது

நானும் பழித்திருக்கிறேன்.

படகுப் பட்டறையில் ரைஃபிள் சிலிண்டருக்குக் காற்று நிரப்புவது

அங்கே வெல்டிங்குக்கு வைத்திருப்பது ஆக்சிஜன். 200 பார் அழுத்தத்தில் அது எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டாலே வெடிக்கும். காற்று மட்டும், அதுவும் ஈரம் நீக்கிய காற்று.

டின்னைத் திறந்து வைப்பது

இந்தக் கடற்கரையில் உப்பு எல்லாவற்றையும் தின்னும். மூடி சரியாகப் பொருந்தாத டின்னில் ஈயம் வெள்ளைப் பொடி பூத்துவிடும். அந்தப் பெல்லட்டைச் சுடாதீர்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடையை எடுக்காதீர்கள். என் இருபதில் ஆறு டின்னை வீம்புக்குச் சுட்டுத் தீர்த்தேன். மீதி பதினான்கில் ஒன்பது, இரண்டு மழைக்காலத்தில் இப்படி வெளுத்துப்போனது. வலைக்கு ஈயம் உருக்க மாமா கேட்டார், பதினான்கையும் சாக்கில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.