மேற்குச் சன்னலுக்கு ஒரு மரம்

ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் இருக்கிறதென்றால், அதை மேற்குச் சன்னலுக்கு நேராக, சுவரிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி நடுங்கள். உச்சி வெயிலைச் சன்ஷேடு தடுத்துவிடும். பிற்பகல் வெயிலோ சாய்வாக அதற்கு அடியில் புகுந்து, கண்ணாடி வழியாக அறையையும் சுவரையும் சூடேற்றி, இரவிலும் ஏ.சி.யை ஓட வைக்கிறது. இலைகள் அந்த வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறித்து, நீராவியை வெளியிட்டுக் காற்றையும் குளிர்விப்பதால், மின்சாரமும் அதற்காக எரிக்கப்படும் நிலக்கரியும் மிச்சமாகின்றன. மரத்தடியில் கான்கிரீட் தளம் மட்டும் வேண்டாம். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்தே வருகிறது.

மரத்தைவிட உயரமான மாடிகளுக்கு இது பயன்படாது. நிழல் சோலார் தகடுகளின் மேல் விழும் இடத்திலும், வேர் நீரை உறிஞ்சிக் களிமண் நிலம் சுருங்கி அஸ்திவாரம் இறங்கக்கூடிய இடத்திலும் தவிர்க்கவும். கடுங்குளிர்ப் பகுதியெனில், குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெயிலை உள்ளே விடும் இலையுதிர் மரமே சரி.