பெய்ஜிங் அரண்மனை: கூரை முனை உருவங்களை எண்ணிப் பாருங்கள்

சீனாவின் மிங் வம்சப் பேரரசர் யோங்லே 1406-இல் தொடங்கி 1420-இல் கட்டி முடித்த பெய்ஜிங் அரண்மனைக்குச் செல்வோர் பலர், தெற்கு வாயிலில் நுழைந்து வடக்கு வாயிலை அடைவதற்குள், ஒன்றுபோலவே தோன்றும் மண்டபங்களைப் பார்த்துச் சலித்துவிடுகிறார்கள். அவற்றை வேறுபடுத்தி அறிய, மஞ்சள் ஓடு வேய்ந்த கூரையின் மூலை விளிம்பில் வரிசையாக அமர்ந்திருக்கும் சிறு உருவங்களை எண்ணிப் பாருங்கள். பறவையின் மீதேறி முன்னால் செல்லும் மனித உருவத்தைச் சேர்க்க வேண்டாம். அதன் பின்னுள்ளவை கூடக் கூட மண்டபத்தின் தகுதியும் உயர்கிறது. முடிசூட்டு விழா முதலிய பெருநிகழ்வுகள் நடந்த தைஹே மண்டபத்தில் மட்டுமே 10 உருவங்கள் உண்டு; பேரரசர் வாழ்ந்த சியான்சிங் மாளிகைக்குக்கூட 9 தான். இவை வெறும் அலங்காரமும் அல்ல: சரிவில் ஓடு நழுவாதபடி அடித்த ஆணிகளை மழை தொடாமல் மூடுபவை. கிழக்கே ஒதுங்கி நிற்கும் வென்யுவான் நூலகத்தின் ஓடுகளோ கறுப்பு. சீன மரபில் அது நீருக்குரிய நிறம் என்பதால், நூல்களைத் தீயிலிருந்து காக்கும் என்று நம்பினார்கள். உருவங்கள் உயரத்தில் இருப்பதால் சிறிய தொலைநோக்கி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். பொதுவாகத் திங்கட்கிழமை விடுமுறை.