பங்குக்கோயில் பதிவேட்டில் முன்னோர் பெயரைத் தேடுவது எப்படி?

வீட்டில் கூப்பிட்டது முடியப்பன். நிலப் பத்திரத்தில் ஸ்டீபன். லத்தீனில் எழுதிய ஞானஸ்நானப் பதிவேட்டில் ஸ்தேபானுஸ். மூன்றும் ஒரே ஆள். தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களின் பழைய பதிவேடுகளைப் புரட்டுபவர்கள் ‘பெயர் இல்லை’ என்று மூடிவைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பதிவேட்டைத் திறப்பதற்கு முன்பே, தேடும் பெயர் எந்த வழியாகத் தமிழுக்கு வந்தது என்று பாருங்கள். ஒரு வழி, பொருளைப் பெயர்த்தது. பேதுரு என்றால் பாறை, தெலுங்கில் ராயி என்றால் கல், அதிலிருந்து ராயப்பன். பவுலுஸ் என்றால் லத்தீனில் சிறியவர், ஆகவே சின்னப்பன். யோவானுக்குக் கடவுளின் அருள் என்ற பொருள் இருப்பதால் அருளப்பன். கிரேக்கத்தில் ஸ்தெபானோஸ் என்பது மணிமுடி, அதனால் முடியப்பன். அந்திரேயாவின் ஆண்மையும் பலமும் பெலவேந்திரன் ஆயிற்று. லாசருக்கு ‘கடவுள் உதவினார்’ என்று பொருள்; 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளை, தேவசகாயம் ஆனது அப்படித்தான். சூசையை, அதாவது ஜோசப்பை, வீரமாமுனிவர் தேம்பாவணியில் வளன் என்றார். திருச்சி தூய வளனார் கல்லூரியின் பெயரில் அது இன்றும் இருக்கிறது.

இன்னொரு வழி, போர்த்துகீசிய ஒலி தமிழ் நாவில் புரண்டது. ஜோசே சூசை ஆனார், ஷவியேர் சவரி ஆனார், சான்தியாகோ சந்தியாகு ஆனார். இலங்கையில் வழங்கும் பஸ்தியாம்பிள்ளையில் இருப்பது செபஸ்தியானின் குறுக்கம். சந்தியாகு என்ற பெயருக்குள்ளேயே ‘புனித’ அடங்கியிருக்கிறது; அதற்கு முன் இன்னொரு ‘புனித’ போடுவதை இனி யாரும் நிறுத்தப்போவதில்லை.

அடுத்து, ஒரு தாளில் அந்தப் பெயரின் எல்லா உருவங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். யாகப்பன், சந்தியாகு, சந்தியாகப்பன், யாக்கோபு, ஜேம்ஸ், ஜேக்கப் எல்லாமே லத்தீனில் யாகோபுஸ்தான். பாண்டிச்சேரி பக்கத்து பிரெஞ்சு ஆவணமானால் ழாக். அதே ஆவணங்களில் ராயப்பன் பியேர் ஆகவும், முடியப்பன் எத்தியேன் ஆகவும் இருக்கலாம். ஞானப்பிரகாசத்தைத் தேடினால் அலோய்சியுஸையும் பாருங்கள். சவரிமுத்து ‘பிரான்சிஸ்குஸ் க்சவேரியுஸ்’ என்று பதிவாகியிருக்கும். பெயர் அடைவில் அவரைப் பிரான்சிஸ் வரிசையில் பார்க்காமல் விட்டால் கிடைக்கமாட்டார். கன்னியாகுமரி எல்லையில் மலையாள உருவங்களும் குறுக்கே வரும்: பத்ரோஸ் என்றால் பேதுரு, சாக்கோ என்றால் யாக்கோபு, வர்கீஸ் என்றால் ஜார்ஜ்.

லத்தீன் பதிவில் அதிகம் தடுக்கி விழும் இடம் தகப்பன் பெயர். ‘பில்யுஸ்’ என்றால் மகன், ‘பில்யா’ என்றால் மகள். அதற்குப் பின்னால் வரும் பெயர் வேற்றுமை ஏற்று நிற்கும். பேத்ருஸ் அங்கே பேத்ரி, பவுலுஸ் பவுலி, யோவான்னெஸ் யோவான்னிஸ். பவுலி என்று படித்ததும் அதைத் தாயின் பெயராக எழுதிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவினர்கள். பெயர் குழம்பும்போது குடும்பத்தை அடையாளம் காட்டுவது அவர்கள்தான்.

தமிழில் எழுதிய பழைய ஏடுகளுக்கு வேறு தொல்லை. புள்ளி வைக்காமல் எழுதியிருப்பார்கள், எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம், துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். ராயப்பனை ‘இ’ வரிசையிலும், லாசரை ‘இலாசர்’ என்றும் தேடுங்கள். ஜகரம் சகரமாகியிருக்கும், சவரி, சவேரி, சவிரி மூன்றும் கலந்தே வரும்.

பெண்கள் பெயர் இன்னும் சிரமம். ஆரோக்கியமேரி, வியாகுலமேரி, சகாயமேரி எல்லாரும் பதிவில் வெறும் மரியாவாக இருக்கலாம். பெற்றோர் பெயரை வைத்துத்தான் பிரிக்க முடியும். ஆண்டு சில சமயம் கைகொடுக்கும். லூர்துக் காட்சிகள் 1858இல், பாத்திமா காட்சிகள் 1917இல். அதற்கு முந்தைய ஞானஸ்நானப் பதிவில் மாதாவின் இந்தப் பெயர்கள் வந்தால், ஆண்டைத் தவறாகப் படித்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

கிடைத்த பதிவு சரியான ஆள்தானா என்று சோதிக்கத் திருநாள் உதவும். குழந்தை பிறந்த சில நாட்களில் ஞானஸ்நானம் கொடுத்து, அருகில் வரும் புனிதரின் பெயரை வைப்பது வழக்கம். சவரிமுத்து டிசம்பர் 3, அந்தோணி ஜூன் 13, சந்தியாகு ஜூலை 25, முடியப்பன் டிசம்பர் 26. ஆனால் பழைய நாட்காட்டியோடுதான் ஒப்பிட வேண்டும்: லத்தீன் வழிபாட்டில் தோமையாருக்கு முன்பு டிசம்பர் 21, 1969 திருத்தத்துக்குப் பிறகே ஜூலை 3. தேதி பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் ஆளை நீக்கிவிடாதீர்கள், தாத்தா பாட்டி பெயரை வைத்த வீடுகளும் ஏராளம்.

மறுபுறம் பெயரை மட்டும் நம்பி முடிவு கட்டுவதும் ஆபத்து. சின்னப்பன் இந்துக் குடும்பங்களிலும் உண்டு. சீர்திருத்த (புரோட்டஸ்டன்ட்) சபைக் குடும்பமானால் தொடக்கத்திலிருந்தே பேதுரு, பவுல், ஸ்தேவான் என்று இருக்கும். 1995இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்புக்குப் பின் கத்தோலிக்கரும் அந்த உருவங்களுக்கு வந்துவிட்டதால், இன்றைய பேதுருவின் பாட்டனாரை ராயப்பன் என்றே தேட வேண்டியிருக்கலாம்.

பதிவு கிடைத்ததும் ஓரக்குறிப்பைப் படியுங்கள். உறுதிபூசுதலும் திருமணமும் அங்கே குறிக்கப்பட்டிருக்கலாம். துணையின் பெயரும் திருமணம் நடந்த பங்கும் தெரிந்தால் அடுத்த ஏட்டுக்கு வழி கிடைக்கும். சான்றிதழ் கேட்கும்போது ஏட்டில் உள்ளதை உள்ளபடியே எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்தேபானுஸை ஸ்டீபன் என்று ‘திருத்தி’ வாங்கினால், பின்னால் வேறொருவர் ஏட்டோடு ஒப்பிடும்போது இரண்டும் பொருந்தாது.