நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருக்காதீர்கள்: ஆட்டுக்குட்டியின் முதல் நாள்

விளாத்திகுளம் கரிசலில் எங்களிடம் இருப்பவை கன்னி இன ஆடுகள். இரட்டைக் குட்டி போடுவது இவற்றில் சாதாரணம். நான் ஆடு வளர்க்கத் தொடங்கிய வருடம், "நஞ்சு விழட்டும், அப்புறம் பால் கொடுக்கலாம்" என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டுக் காத்திருந்தேன். இரண்டில் சின்னக் குட்டி மறுநாள் விடியும் முன்பே செத்துப்போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. கோழையைத் துடையுங்கள்
குட்டி விழுந்ததும் வாயிலும் மூக்கிலும் இருக்கும் கோழையைச் சுத்தமான துணியால் வழித்தெடுங்கள். மூச்சு வரவில்லையா? வைக்கோலால் விலாவை அழுத்தித் தேய்த்து, ஒரு வைக்கோல் தாளால் மூக்கைக் கிளறுங்கள். தும்மினால் மூச்சு வந்துவிடும். பிறகு தாயிடம் விடுங்கள். நக்கும்போதுதான் அது தன் குட்டியை வாசனை பிடித்துக்கொள்ளும்.

2. தொப்புள் கொடி
வயிற்றிலிருந்து மூன்று விரல்கடை விட்டு நூலால் கட்டி, கட்டுக்குக் கீழே புது பிளேடால் நறுக்குங்கள். டிங்சர் அயோடினை ஒரு மூடியில் ஊற்றி, கொடி முழுவதும் நனையும்படி முக்குங்கள். சாம்பல், சாணம் எதுவும் வேண்டாம்.

3. சீம்பால்
ஆட்டின் வயிற்றுக்குள் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குப் போவதில்லை. அது சீம்பால் வழியாகத்தான் கிடைக்கிறது. அதையும் குட்டியின் குடல் முதல் சில மணி நேரம்தான் நன்றாக உறிஞ்சும். ஒரு நாள் கழிந்தால் கதவு மூடிய மாதிரிதான். அதனால் ஒரு மணி நேரத்துக்குள் முதல் பால் உள்ளே போயாக வேண்டும்.

மடியைக் கழுவித் துடைத்து, ஒவ்வொரு காம்பிலும் இரண்டு பீச்சு பீச்சி அடைப்பை எடுத்துவிட்டுக் குட்டியைப் பிடித்து ஊட்டுங்கள். 2 கிலோ குட்டிக்கு முதல் நாளில் குறைந்தது 200 மில்லி, நான்கைந்து வேளையாக. இரட்டையில் பெரியது சின்னதைத் தள்ளிவிடும். வயிற்றைத் தடவிப் பாருங்கள், ஒட்டியிருந்தால் அதற்குப் பால் கிடைக்கவில்லை. வீட்டில் சீம்பால் காய்ச்சும் ஆசையெல்லாம் குட்டி குடித்து மிச்சம் இருந்தால்தான்.

நஞ்சு தானாக விழும். கையால் இழுக்கவே கூடாது. 12 மணி நேரம் தாண்டினால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

4. சில்லிட்ட குட்டி
வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் உடனே பால் புகட்டாதீர்கள். விழுங்கத் தெம்பில்லாமல் பால் நுரையீரலுக்குள் போய்விடும். சாக்கில் சுற்றி, உடம்போடு அணைத்துச் சூடேற்றி, வாய் கதகதப்பானதும் ஊட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது அடிக்கடி நடக்கும்.

5. அடுத்த வாரங்கள்
தாய் மேய்ச்சலுக்குப் போகும்போது குட்டிகளைக் காய்ந்த இடத்தில் பஞ்சாரக் கூடையால் மூடி வையுங்கள். இரண்டு வாரத்தில் தழையில் வாய் வைக்கும். அகத்திக் கொத்தைக் குட்டியின் தலை உயரத்துக்குக் கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் போட்டால் மிதித்து, அதிலேயே மூத்திரம் பெய்து, அதையே தின்று கழிச்சலில் விழும்.